ஒரு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கும் ஊர்கள்

எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு சொல்ல வேண்டிய நாள் வந்தது. ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு, கடல் அரிப்பு, டெங்கு பரவும் தெருக்கள், நிலத்தடி நீர் என்று எல்லா வருஷமும் வருகிற தலைப்புகள்தான். கடைசி வரிசையிலிருந்து என் தோழி எழுந்தாள்.

"பட்டாசுக் கம்பெனிகள்ல தீக்காயம் பட்டவங்க, தீக்காய வார்டு இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு மேப் போடணும் சார்."

எங்கள் கைடு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "டேட்டா கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். "கிடைக்கும் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இருவர் இருவராகச் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது விதி. எனக்குத் தலைப்பு எதுவும் தோன்றியிருக்கவில்லை. நான் கோவில்பட்டி டவுன். அவள் ஊர் கடம்பூரிலிருந்து கரிசல் காட்டுக்குள் போக வேண்டும். நெல்லையில் இருந்த பல்கலைக்கழகத்துக்கு ஒரே பாசஞ்சரில் போய் வந்தோம். காலையில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தால் கடம்பூரில் அவளுக்கும் இடம் இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் ஜோடியானோம். அவளுக்கு அப்பா இல்லை என்று தெரியும். எப்படி இறந்தார் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தலைப்பைச் சொன்னபோது எனக்கு லேசாகப் பொறி தட்டியது. ஆனாலும் கேட்கவில்லை.

ஜி.ஐ.எஸ். என்றால் என்ன என்று வீட்டில் கேட்பார்கள். நிலப்படத்தை அடுக்கு அடுக்காகக் கம்ப்யூட்டரில் வைத்து, ஒரு அடுக்கை வைத்து இன்னொரு அடுக்கிடம் கேள்வி கேட்பது என்று சொல்வேன். எங்கள் படத்தில் ஒரு அடுக்கு பட்டாசுக் கம்பெனிகள். இன்னொரு அடுக்கு ஆஸ்பத்திரிகள். நடுவில் ரோடுகள். ஒவ்வொரு ரோட்டிலும் வண்டி எவ்வளவு வேகத்தில் போகும் என்று கொடுத்துவிட்டால், எந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வார்டை அடைய முடியும், எந்த ஊரிலிருந்து முடியாது என்று சாஃப்ட்வேர் வண்ணம் பூசிக் கொடுக்கும்.

ஒரு மணி நேரம் என்பதை நாங்களாக முடிவு செய்யவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரைப் பார்த்துக் கேட்டோம். பெரிய தீக்காயத்துக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சரியான கவனிப்பு தொடங்கிவிட வேண்டும் என்றார். எழுதிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, "அதுக்குள்ள வந்துட்டா எல்லாரும் பொழைச்சிருவாங்கன்னு நான் சொல்லல. அதையும் எழுதிக்கோங்க" என்றார்.

ரோடுகளின் வேகம்தான் எங்களைப் படுத்தியது. சாட்டிலைட் படத்தில் எல்லா ரோடும் கோடுதான். எது குண்டும் குழியும், எதில் பாலம் உடைந்து கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. அதனால் என் ஸ்கூட்டரில் ஒவ்வொரு ரோடாக ஓட்டிப் பார்த்தோம். போனில் ஜி.பி.எஸ். ஓடிக்கொண்டிருக்கும். அவள் பின்னால் உட்கார்ந்து பள்ளம், திருப்பம், ரயில்வே கேட் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வருவாள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். கரிசல் நனைந்துவிட்டால் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து வண்டியை நிறுத்திவிடும். இறங்கி வேலிக்கருவைக் குச்சியை ஒடித்துக் குடைந்து எடுப்போம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிற்கும். இரண்டு பக்கமும் முளைவிட்ட உளுந்தும் மக்காச்சோளமும் பச்சையாக நிற்கும். வருஷத்திலேயே அந்த நிலம் பார்க்க அழகாக இருக்கிற காலம் அதுதான். அந்த அழகுக்குள் ஒரு ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

காயம்பட்டவர்களையும் பார்த்தோம். அதில் ஒரு அக்காவை மறக்க முடியவில்லை. நாற்பது வயதிருக்கும். முகத்தில் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்த தோல். வாசலில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டோம்.

"எவ்வளவு நேரம்னு எங்கிட்ட கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. மூஞ்சில ஈரத்துணி போட்டுப் படுக்க வச்சிருந்தாவ. ஒண்ணும் பாக்கல."

"சரிக்கா, பரவால்ல" என்றாள் தோழி.

"எப்படிப் போனோம்னு வேணா சொல்லுதேன். மொதல்ல கெடக்கெடக்குனு ஆட்டிச்சு. பொறவு ஒரு எடத்துல நின்னுது, ஆட்டுச் சத்தம் கேட்டுச்சு. பொறவு வழுவழுன்னு போச்சு. அங்கன வச்சு யாரோ, பெரிய ரோடு வந்துட்டும்மா, இனி சீக்கிரம் போயிரலாம்னாவ. அதுக்குப் பொறவுதான் ரொம்ப நேரம்."

எங்களுக்கு டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். திரும்பி வரும்போது தோழி, "அதுக்குப் பொறவுதான் ரொம்ப நேரம்" என்பதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் எனக்கு அது கேட்டது.

மார்கழியில் எல்லா அடுக்குகளும் தயாராகின. பல்கலைக்கழக லேபில் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். ஓட விட்டோம். பழைய கம்ப்யூட்டர், கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தீக்காய வார்டு இருக்கிற நெல்லையைச் சுற்றி, ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் இடங்களில் பச்சை பரவியது. நான்கு வழிச் சாலையோடு ஒரு நாக்கு மாதிரி வடக்கே நீண்டு கோவில்பட்டியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் ஒரு மணி நேரத்தை ஒட்டிய மஞ்சள். கரிசலுக்குள் இருந்த ஊர்கள் பெரும்பாலும் அதற்கும் அப்பால், சிவப்பு. பட்டாசுக் கம்பெனிகள் என்று நாங்கள் வைத்திருந்த கறுப்புப் புள்ளிகளில் அதிகமானவை அந்தச் சிவப்புக்குள் கிடந்தன. ஊருக்கு ஒதுக்குப்புறமாகத்தானே கம்பெனி கட்ட அனுமதி கொடுப்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

படத்தைச் சேமித்துவிட்டு நான் எழுந்தேன். அவள் எழவில்லை. அவள் ஊர் பக்கம் பெரிதாக்கி, ஊரிலிருந்து புதிதாக ஒரு கோடு இழுத்தாள்.

"அங்கன ரோடு இல்லையேட்டி. அது வண்டிப்பாதை. ரயில்வே கேட்டுல போய் முடியும்" என்றேன்.

"தெரியும். அதுல வண்டி போயிருக்கு."

திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். என்னைப் பார்க்காமலே நடந்ததையும் சொன்னாள்.

அவள் அப்பா பட்டாசுக் கம்பெனியில், வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலையில் இருந்தார். ஒரு மழைக்காலத்துப் பகல் நேரத்தில் விபத்து நடந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார்கள். வேறு எங்கோ போயிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். காத்திருக்க முடியாமல் அப்பாவின் தம்பி தன்னுடைய குட்டியானை வண்டியைக் கொண்டுவந்தார். மக்காச்சோள மூட்டை ஏற்றுகிற வண்டி. பின்னால் வாழை இலை பரப்பி அண்ணனைப் படுக்க வைத்தார்கள். ஊரைவிட்டு வெளியே வந்ததும் கண்மாய்க் கரையில் பாதை பிரியும். வலது பக்கம் தார் ரோடு, சுற்றிப் போகும். நேராகப் போனால் மண் பாதை, தூரம் குறைவு, ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டால் பெரிய ரோடு. சித்தப்பா நேராக விட்டார். சேற்றில் முக்கி முனகி கேட்டுக்கு வந்தபோது கேட் அடைத்திருந்தது. ஒரு ரயில் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று வர வேண்டியிருந்தது.

"சித்தப்பா எறங்கிப் போய் கேட் கீப்பரப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாவளாம். அவரும் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டாராம். வேற ஒண்ணும் பண்ண முடியாதுல்லா. அப்பா தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தாவளாம்."

நெல்லைக்குள் நுழைவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவள் அப்போது காலேஜில் இருந்தாள்.

"சித்தப்பா அதுக்குப் பொறவு அந்தப் பாதையில கால் வைக்கல. அவிய புஞ்சை அந்தப் பக்கந்தான் இருக்கு. ஆனாலும் சுத்தித்தான் போறாவ. தார் ரோட்டுல போயிருந்தா அண்ணன் பொழச்சிருப்பாவன்னு எங்கம்மாட்ட சொல்லிச் சொல்லி அழுதாவ. நான்தான் கொன்னேன் மதினின்னு சொன்னாவ."

சொல்லிவிட்டுத் தார் ரோடு வழியாக ஓட விட்டாள். மண் பாதை வழியாக, கேட்டில் நின்ற நேரத்தையும் சேர்த்து ஓட விட்டாள். பிறகு கேட் திறந்திருந்ததாக வைத்து ஓட விட்டாள். மூன்றுமே ஒரு மணி நேரக் கோட்டுக்கு வெகு தூரம் அப்பால்தான் போய் நின்றன. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமும் இல்லை.

"சரியா இருக்கான்னு நீ ஒரு தடவ பாரு" என்றாள். பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவள் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அவள் முகம் அவ்வளவு லேசாக இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சித்தப்பாட்ட இதக் காட்டணும்" என்றாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. "ஏட்டி, இது போய்ச் சேருற நேரத்த மட்டுந்தான் சொல்லுது. பொழைப்பாங்களா மாட்டாங்களான்னு இது சொல்லாது. டாக்டரே சொன்னாருல்லா" என்றேன்.

"எனக்குத் தெரியும். அவியளுக்கு இது போதும்."

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனோம். கடம்பூர் ஸ்டேஷனில் அவள் எனக்காக நின்றாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று போளி வாங்கிக்கொண்டேன். சித்தப்பா வாசலில் வண்டியின் தார்ப்பாயை விரித்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். வீட்டில் அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். நான் இருந்ததால் தமிழுக்கு மாறிக்கொண்டார்கள். சித்தி டீ போட்டார். அவர்கள் மகள், பள்ளிக்கூடம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவள், தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்திக்கொண்டு நின்றாள்.

பிளாஸ்டிக் சேரில் லேப்டாப்பை வைத்துத் தோழி விளக்கினாள். பச்சை என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று சொன்னாள். அவர் குனிந்து பார்த்தார்.

"நம்மூரு எங்கன இருக்கு?"

காட்டினாள்.

"இது கம்மாக்கரையா?"

"ஆமா சித்தப்பா. இந்தா வலது பக்கம் போறது தார் ரோடு. இது மண் பாதை. ரெண்டுலயும் போட்டுப் பாத்துட்டோம். எதுல போயிருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேந்திருக்க முடியாது. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல சித்தப்பா."

"கேட் தெறந்திருந்தாலும்?"

"தெறந்திருந்தாலும்."

அவர் நிமிர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். சித்தி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சித்தியிடம் தெலுங்கில் என்னவோ சொன்னார். தோழியின் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகு எனக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ தமிழில் சொன்னார்.

"நான் அந்தத் தார் ரோட்டுல தெனமும் போயிருக்கேன் தாயி. படுத்தா அதான் ஓடும். கம்மாக்கரையில வந்து வலது பக்கம் ஒடிச்சுத் திருப்புவேன். எங்கயும் நிக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போய் நிப்பாட்டுவேன். அண்ணன எறக்குவாவ. அண்ணன் உசுரோட இருப்பாவ. அதப் பாத்துட்டுத்தான் தூங்குவேன். இப்ப அந்த வழியும் இல்லேன்னு சொல்லுத."

தோழி லேப்டாப்பை மூடப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தச் செவப்புல இருக்கிற எல்லா ஊருக்கும் இப்படித்தானா?"

"ஆமா சித்தப்பா."

"யாருக்கு நடந்தாலும்?"

அவர் முற்றத்தில் நின்ற மகளைப் பார்த்தார். அவள் காதில் ஹெட்போனோடு முடியை உதறிக்கொண்டிருந்தாள். தோழி என்னைப் பார்த்தாள். போளிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது.

அவரே என்னை வண்டியில் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார், தோழியும் கூட வந்தாள். தார் ரோடு வழியாகத்தான் வந்தார். மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இறக்கிவிடும்போது, "நல்லாப் படிங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு தோழி கொஞ்ச நாள் லேபுக்கு வரவில்லை. அறிக்கை எழுதும் வேலையை நான்தான் பெரும்பாலும் செய்தேன். வந்தபோது மெலிந்திருந்தாள். அப்பாவுக்காகப் போட்ட அந்த மூன்று கணக்கையும் படத்திலிருந்து எடுத்துவிட்டாள். நான் காரணம் கேட்கவில்லை. வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் வண்ணத் தேர்வு நன்றாக இருக்கிறது என்றார். வடக்குத் திசைக்குறி இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்றார்.

எங்கள் கைடு நல்லவர். அதோடு விட்டுவிடக் கூடாது என்று ஒரு அதிகாரியிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார். போய்க் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். ஏளனமாக ஒன்றும் சொல்லவில்லை.

"நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. ஆனா புதுசா வார்டு தொறக்கணும்னா அது என் கையில இல்லம்மா. ஆம்புலன்ஸ் நிக்கிற எடத்த மாத்தலாமான்னு வேணா கேட்டுப் பாக்குதேன். சாஃப்ட் காப்பி அனுப்பி வைங்க."

அன்றைக்கே அனுப்பினோம். பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி அனுப்பினோம். அவர் அதற்குள் மாறுதலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தோழிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு நகரங்களின் சாட்டிலைட் படங்களைப் பார்த்து ரோடுகளைத் திருத்துகிற கம்பெனி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போனில் பேசும்போது ஒரு தடவை, "பேரு வாயில நொழையாத ஊருக்கெல்லாம் வீட்டு வாசல் வரைக்கும் ரோடு போடுதேன் பாத்துக்கோ" என்றாள். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நான் உள்ளூர்க் காலேஜ் ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தேன். ஜி.ஐ.எஸ். லேப் என் பொறுப்பு. மாணவர்கள் தலைப்பு கேட்டு வருவார்கள். கண்மாய், கருவேலம், காற்றாலை என்று சொல்லிக் கொடுப்பேன்.

போன தீபாவளி முடிந்து மூன்று மாதம் கழித்து, கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் சித்தப்பாவைப் பார்த்தேன். வண்டியில் வெங்காய மூட்டை. என்னை அடையாளம் கண்டு அவரே கூப்பிட்டார். டீக்கடையில் நின்று டீ குடித்தோம். அண்ணன் மகள் போன் பேசுவாள் என்றார், தனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள் என்றார். நான் அவர் மகளைப் பற்றிக் கேட்டேன்.

"நீங்க வந்துட்டுப் போனீங்கல்லா, அதுக்குப் பொறவு அவளக் கம்பெனிய விட்டு நிப்பாட்டிட்டேன். புதியம்புத்தூர்ல தையலுக்கு விட்டேன். வேன் வந்து கூட்டிட்டுப் போகும். தெரிஞ்ச வேலைதான், நல்லாத் தைப்பா."

"நல்லதுதானே அண்ணாச்சி."

"நல்லாத்தான் இருந்துச்சு. தீவாளி முடிஞ்சதும் ஆர்டர் இல்லன்னுட்டாவ. வேன நிப்பாட்டிட்டாவ. வீட்டுல ரெண்டு மாசம் இருந்து பாத்தா. பொறவு பழைய எடத்துக்கே போயிட்டா." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போகாதன்னு சொல்லத்தான் நெனச்சேன். சொல்லல. சொல்லிட்டு வேற என்ன வேலையக் காட்ட?"

டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அவர் விடவில்லை.

"கம்பெனிக்காரங்க வாசல்ல ஒரு வண்டி நிப்பாட்டி வைக்கணும்னு போய்க் கேட்டேன். பாப்போம்னாவ" என்றார். "நானே என் வண்டியக் கொண்டு நாளும் அங்கன நிக்க முடியாது. எனக்கு லோடு இருக்கும்லா."

வெங்காயம் வெயிலில் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டு ஏறினார். நான் ரோட்டைத் தாண்டும்வரை காத்திருந்து, பிறகு வண்டியை எடுத்தார்.